சர்பேஸுக்கு மேலே ஐந்தடி

என் நாத்தனாரைப் பெண் பார்க்க வந்தவர்கள் மூன்று பேர். மூன்று பேருமே "பொண்ணுக்கு இன்னா தெரியும்?" என்று கேட்டார்கள். மூன்று பேருக்கும் என் மாமனார் ஒரே பதிலைத்தான் சொன்னார்: "குதிர ஏறும். தாண்டும்." அவர்கள் காபியை அவசரமாகக் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். எனக்கு ஆத்திரமாக வரும். மாமனாரோ மகளைப் பார்த்துக் கண் சிமிட்டுவார். அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த சதி அது என்று பின்னால்தான் எனக்குப் புரிந்தது.

அவள் மாட்டு டாக்டர். பேத்தமங்களா அரசு கால்நடை மருந்தகத்தில் வேலை. பெங்களூரில் படித்தபோது கல்லூரி என்.சி.சி.யில் குதிரைப் படை ஒன்று இருந்ததாம், அங்கே போய் ஏறியவள் இறங்கவே இல்லை. ஊருக்கு வந்த பிறகும் அந்தப் பைத்தியம் விடவில்லை. பெங்களூர் ரேஸில் ஓடிக் கால் வீங்கிப்போன பெண்குதிரை ஒன்றை யாரோ பேத்தமங்களா பக்கத்து விவசாயி ஒருவரின் மாந்தோப்பில் கட்டிப்போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்கள். இவள் மருந்து போட்டாள், கட்டுப் போட்டாள், ஆறு மாதத்தில் அதை நிமிர்த்தினாள். அந்த விவசாயி தெலுங்கில் "நீயே வெச்சுக்கோம்மா, தீனி மட்டும் வாங்கிப் போடு" என்று சொல்லிவிட்டார். அன்று முதல் காலை ஏழு மணிக்கு முன்னால் அவள் ஊரிகத்தில், தங்கச் சுரங்க ஆட்களுக்குக் கட்டிய எங்கள் லைன் வீட்டில் இருந்து நான் பார்த்ததே இல்லை.

தோப்பில் தைலமரக் கம்புகளை இரண்டு இரும்புப் பீப்பாய்களுக்கு நடுவே குறுக்காக வைத்துத் தாண்டுவாள். தலைக்கு என்ன போட்டுக்கொள்வாள் தெரியுமா? மாமனாரின் பழைய சுரங்க ஹெல்மெட். முன்னால் விளக்கு மாட்டும் கொக்கி அப்படியே இருக்கும். தாடைக்குக் கீழே கட்ட ஒரு நாடாவைத் தைத்துக் கொடுத்தது நான்தான். தைத்துக் கொடுத்தேனே தவிர, அவள் தாண்டுவதைப் பார்க்க ஒரு நாளும் போகவில்லை. எனக்குப் பயம். கேட்டால், "ஆபீசுக்கு லேட்டாவுது" என்பேன்.

ஆபீஸ் என்றால் ராபர்ட்சன்பேட்டையில் இருந்த இன்ஷூரன்ஸ் கிளை அலுவலகம். உயிருக்கான இன்ஷூரன்ஸ் இல்லை, மற்றதெல்லாம். லாரி, கடை, எருமை, விபத்து. நான் அங்கே அசிஸ்டெண்ட். எங்கள் கிளைக்கு என்று ஒரு பழக்கம் உண்டு, அதைச் சொல்லாவிட்டால் நடந்தது எதுவும் விளங்காது. விபத்து பாலிசி எடுக்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சுரங்கத்து ஆட்கள். படிவத்தில் 'ஆபத்தான வேலையிலோ விளையாட்டிலோ ஈடுபடுகிறீர்களா?' என்று ஒரு கேள்வி இருக்கும். நாங்கள் அதை அப்படிக் கேட்க மாட்டோம். "அண்டர்கிரவுண்டா, சர்பேஸா?" என்றுதான் கேட்போம். பூமிக்கு அடியில் இறங்குகிறவர் என்றால் ஆபத்து உண்டு. தரைக்கு மேல் ஒர்க்‌ஷாப்பிலோ கல் அரைக்கும் மில்லிலோ வேலை என்றால் அது சர்பேஸ், ஆபத்து கிடையாது. 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவோம். மைசூரில் இருந்து மாற்றலாகி வந்த மேனேஜர்கூட ஒரே மாதத்தில் அந்தக் கேள்விக்குப் பழகிவிட்டார்.

எங்கள் வீட்டிலும் அதே கணக்குதான். மாமனார் முப்பது வருஷம் அண்டர்கிரவுண்ட். கூண்டில் ஏறி இறங்குவதற்கு முன்னால் டைம் ஆபீஸில் ஒரு பித்தளை டோக்கன் கொடுப்பார்கள், மேலே வந்ததும் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். டோக்கன் திரும்பவில்லை என்றால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று பொருள். ஒரு தடவை மாமனார் டோக்கனைச் சட்டைப்பையில் போட்டபடியே வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு, குறட்டை விட்டுத் தூங்கியிருக்கிறார். அங்கே சுரங்கத்தில் இவரைத் தேடி லெவல் லெவலாக ஆட்கள் அலைந்திருக்கிறார்கள். கடைசியில் துக்கம் சொல்ல வீட்டுக்கு வந்த நாலு பேர், பாயில் படுத்திருந்தவரைப் பார்த்து விட்ட வசவு அந்த லைன் முழுக்கக் கேட்டதாம். என் நாத்தனாருக்கு அப்போது ஆறு வயது. மறுநாளில் இருந்து அப்பா வேலை முடிந்து வந்தால் வாசலில் இரண்டு கையையும் விரித்து மறித்துக்கொண்டு நிற்பாள். "டோக்கன் குடுத்துட்டியாப்பா?" என்று கேட்டு, அவர் "குடுத்துட்டேன் தாயீ" என்று சொன்னால்தான் உள்ளே விடுவாள். அவர் ஓய்வு பெறுகிற நாள்வரைக்கும் இது நடந்தது. கடைசி வருஷங்களில் கேள்வி கேட்டவள் மாட்டு டாக்டர்.

சுரங்கத்தை மூடுவார்களா மாட்டார்களா என்று ஊரே பேசிக்கொண்டிருந்த சமயத்தில் மலேசியாவில் இருந்து அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. கூடப் படித்த தோழி அங்கே ஒரு குதிரைச் சவாரி கிளப்பில் டாக்டராக இருந்தாள். வெளிநாட்டு அமெச்சூர் பெண்களுக்கு ஒரு தடை தாண்டும் போட்டி வைக்கிறார்களாம். அமெச்சூர் என்றால் காசுக்காக இல்லாமல் ஆசைக்காகத் தாண்டுகிறவர்கள். குதிரையை அவர்களே தருவார்கள். வந்து தாண்டினால் போதும்.

வந்து தாண்டுவதற்கு முன்னால் இவள் தாண்டியது அரசாங்கத்தை. அரசு ஊழியர் வெளிநாடு போகத் துறையின் அனுமதி வேண்டும். எட்டு மாதம் கோலாருக்கும் பெங்களூருக்கும் அலைந்தாள். ஒரு மேஜையில் "குதிரை தாண்டவா? எதுக்கும்மா?" என்று கேட்டார்கள். இன்னொரு மேஜையில் "மாடு தாண்டுற போட்டி எதுவும் இல்லையா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். இவளும் கூடவே சிரித்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போனாள். நானாக இருந்தால் அந்த ஃபைலை அவர்கள் தலையிலேயே போட்டிருப்பேன். அனுமதி வந்த அன்று லைன் முழுக்க மைசூர்பாகு கொடுத்தாள்.

கடைசியாக மிச்சம் இருந்தது பயண இன்ஷூரன்ஸ். அதற்குத்தான் வீட்டிலேயே ஆள் இருக்கிறதே என்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நானும் ரொம்பப் பெருமையாகப் படிவத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெயர், வயது, பாஸ்போர்ட், சர்க்கரை, ரத்த அழுத்தம். அப்புறம் அந்தக் கேள்வி வந்தது. கை எழுதிக்கொண்டே இருக்க, வாய் தானாகக் கேட்டது.

"அண்டர்கிரவுண்டா, சர்பேஸா?"

"சர்பேஸ்தான் அண்ணி," என்று சிரித்தாள். "சர்பேஸுக்கு மேல ஒரு அஞ்சடி."

'இல்லை' என்று எழுதினேன். அவள் கையெழுத்துப் போட்டாள். மேனேஜர் கையெழுத்துப் போட்டார். பாலிசி தயாராயிற்று.

கிளம்ப ஆறு நாள் இருக்கும்போது, பாலிசியின் நகலை அனுப்பச் சொல்லிக் கிளப்பில் இருந்து கேட்டிருந்தார்கள். எஸ்.டி.டி. பூத்தில் இருந்து ஃபேக்ஸ் அனுப்பினாள். மறுநாளே பதில் வந்தது. அதை என் மேஜையில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். 'உங்கள் பாலிசியில் குதிரை தாண்டுவது சேராது. தாண்டும்போது அடிபட்டாலும் பொறுப்பேற்பதாக இன்ஷூரன்ஸ் கடிதம் இல்லாமல் உங்களை மைதானத்தில் இறக்க முடியாது. பார்வையாளராக வரலாம்' என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

பாலிசிப் புத்தகத்தைப் பிரித்தேன். கடைசிப் பக்கங்களில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், எதற்கெல்லாம் பணம் தர மாட்டோம் என்று ஒரு பட்டியல். மலையேற்றம், கடலுக்குள் முங்குவது, கார் பந்தயம், குதிரையில் பந்தயமோ தாண்டலோ. பதினோரு வருஷமாக இந்த ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறேன், அந்தப் பக்கத்தை அன்றைக்குத்தான் முழுதாகப் படித்தேன். என் மூஞ்சியில் நானே ஒரு அறை விட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

அவள் திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி மனசு ஆறியிருப்பேன். திட்டவில்லை. "வுடுங்க அண்ணி. வேடிக்க பாத்துட்டு வர்றேன். டிக்கெட் வீணாப் போவாது இல்ல?" என்றாள். எட்டு மாதம் மேஜை மேஜையாகச் சிரித்தவள், அன்றைக்குச் சிரிக்கவில்லை. அதுதான் என்னைச் சுட்டது.

வீட்டில் சொன்னபோது மாமனாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "சர்பேஸ்தானேம்மா? அதுல இன்னா டேஞ்சர் கீது?" என்றார். என் கோபத்துக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டார். "இப்பிடிச் சொல்லிச் சொல்லித்தான் மாமா எல்லாம் இந்தக் கதியாச்சு!" என்று கத்திவிட்டுச் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பாவம், அவர் என்ன செய்வார். நானும் அதே ஊர்தானே.

மறுநாள் காலை ரயிலைப் பிடித்துப் பெங்களூரில் இருந்த எங்கள் பெரிய ஆபீசுக்குப் போனேன். மாரிகுப்பத்தில் இருந்து வரும் அந்த ரயிலில் நின்றுகொண்டே போய்ப் பழகியவர்களுக்குக் குதிரைச் சவாரி பெரிய விஷயம் இல்லை. அங்கே சிறப்பு அனுமதி கொடுக்கும் அதிகாரி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நான் சொன்னதையெல்லாம் கேட்டார். அப்புறம் கன்னடத்தில் நிதானமாகச் சொன்னார்: "குதிரைக்கு இன்ஷூரன்ஸ் போட்டிருக்கிறேன் அம்மா. குதிரைமேல் உட்கார்ந்திருப்பவருக்குப் போட்டதில்லை."

கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு, தாண்டுவதற்கும் பொறுப்பு உண்டு என்று பாலிசியில் ஒரு ஒட்டுத்தாள் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார். கேட்பதற்கு ஒரு அறிக்கை வேண்டும். "ஒரு எருமைக்குப் பாலிசி கொடுத்தால்கூட நம் ஆள் போய்ப் பார்த்து, காதில் வில்லை அடித்துவிட்டு வருகிறான். இந்த அம்மா தாண்டுவதை யார் பார்த்தீர்கள்?"

யாரும் பார்க்கவில்லை என்றேன்.

"நீங்கள் பாருங்கள். பார்த்ததை எழுதுங்கள். இன்னொரு 'இல்லை'யோடு மட்டும் என்னிடம் வராதீர்கள்."

ஆக, எட்டு வருஷமாக நான் தப்பித்துக்கொண்டிருந்த காட்சியை ஆபீஸ் வேலையாகவே பார்க்க வேண்டியதாகிவிட்டது. அடுத்த நாள் விடிந்ததும் அவளோடு முதல் பஸ்ஸில் பேத்தமங்களாவுக்குப் போனேன். கையில் ஒரு அட்டை, அதில் சொருகிய வெள்ளைத்தாள், நூல் கட்டிய பேனா. மாட்டைச் சோதிக்கப் போகும் எங்கள் ஆள் கொண்டுபோவது போலவே ஒரு அளவு டேப்பும் எடுத்துக்கொண்டேன். ஏரிப் பக்கத்தில் இருந்து காற்று சில்லென்று அடித்தது. தோப்பில் அந்தக் குதிரை என்னைப் பார்த்துத் தும்மியது. நான் நாலடி பின்னால் நகர்ந்தேன்.

"இன்னா அண்ணி, மூஞ்சி வெளுத்துப் போயி கீறீங்க? தாண்டப் போறது நானு."

கம்புகளை அளந்தேன். மூன்றடி, மூன்றடி, கடைசி மூன்றேகால். தரை: செம்மண், இளகியது. ஹெல்மெட்: சுரங்கத்துடையது, நாடாவுடன். எல்லாம் எழுதினேன்.  அவள் ஏறி உட்கார்ந்ததும் அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

முதல் கம்பை அவர்கள் தாண்டியது எனக்கு ஞாபகம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டேன். இன்ஸ்பெக்‌ஷன் செய்ய வந்தவள் கண்ணை மூடலாமா என்று என்னையே திட்டிக்கொண்டு இரண்டாவதற்குத் திறந்தேன். அடடா! அந்த வீங்கின கால் குதிரை நாலு காலையும் மடித்துக்கொண்டு எழும்ப, அதன் கழுத்தோடு கழுத்தாக இவளும் குனிந்து எழும்ப, ஒரு நொடி இரண்டு பேருக்கும் கீழே வெறும் காற்று. இவ்வளவு அழகான ஒன்றைப் பார்க்காமல் எட்டு வருஷம் லேட்டாவுது லேட்டாவுது என்று ஓடியிருக்கிறேனே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மூன்றாவது கம்பு முன்னால் குதிரை திடீரென்று நின்றது. இவள் மட்டும் நிற்காமல் போனாள். கம்புக்கு அந்தப் பக்கம் பொத்தென்று விழுந்தாள். நான் போட்ட கத்தலில் தோப்புக் காக்கையெல்லாம் எழும்பிப் பறந்தது. கத்தி முடிப்பதற்குள் அவள் எழுந்து நின்றாள். தன் கையைப் பார்க்கவில்லை, காலைப் பார்க்கவில்லை. நேராகப் போய்க் குதிரையின் முன்னங்காலைத் தடவிப் பார்த்தாள். அதற்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் தன் முழங்கையில் இருந்த மண்ணைத் தட்டினாள். மறுபடி ஏறினாள். மூன்றாவதையும் கடைசியையும் தாண்டி முடித்துவிட்டு என்னிடம் வந்தாள்.

அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பார்த்ததை எழுதினால் மலேசியா போச்சு. எழுதாவிட்டால் கையெழுத்து நிச்சயம். மறைத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது உண்மை. எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்குத் தெரியும்?

அவள் தாளை எட்டிப் பார்த்தாள். "வுழுந்தத எழுதலயா?"

"எழுதினா வுட மாட்டாங்க."

"எழுதுங்க அண்ணி. இல்லன்னு எழுதித்தான் இம்மாந் தூரம் வந்து நிக்கிறோம். அங்க போயி வுழுந்தா, அப்போ இன்னா சொல்லுவீங்க?"

எழுதினேன். 'மூன்றாவது தடையில் குதிரை நின்றது. சவாரி செய்தவர் விழுந்தார். தானாக எழுந்தார். குதிரையின் காலைப் பரிசோதித்தார். மீண்டும் ஏறித் தாண்டினார்.' எழுதி முடித்தபோது ஆபீஸில் நான் எழுதிய அத்தனை 'இல்லை'களும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. ஒர்க்‌ஷாப்பில் விரல் போனவர்கள், மில்லில் நெஞ்சு கெட்டவர்கள், எல்லாரும் சர்பேஸ்தான். வெட்கமாக இருந்தது.

மறுநாள் பெங்களூரில் அதிகாரி அறிக்கையை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"விழுந்து எவ்வளவு நேரத்தில் எழுந்தார்?"

"நான் கத்தி முடிக்கிறதுக்குள்ள சார்."

"நீங்கள் எவ்வளவு நேரம் கத்தினீர்கள்?"

பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்தார். ஆனால் சுரங்க ஹெல்மெட் என்ற இடத்தில் சிவப்பு மையால் கோடு போட்டார். சவாரிக்கென்று செய்த ஹெல்மெட் போட வேண்டும், மைதானத்தில் டாக்டர் இருக்க வேண்டும் என்று நிபந்தனை எழுதி மேலிடத்துக்கு ஃபேக்ஸ் அனுப்பினார். சாப்பாட்டு நேரம் போயிற்று. டீ வந்தது, போயிற்று. நாலு மணிக்கு மெஷின் கரகரவென்று ஒரு தாளைத் துப்பியது. சரி என்று ஒரே வரி. அவர் ஒட்டுத்தாளை டைப் அடிக்கச் சொல்லி, முத்திரை குத்தி, என்னிடம் நீட்டினார்.  கும்பிட்டுவிட்டு ஓடிவந்து சாயங்கால ரயிலைப் பிடித்தேன்.

ஹெல்மெட்டைத் தோழி அங்கே கொடுப்பதாகச் சொல்லிவிட்டாள். ஆனாலும் இவள் பெட்டியில் துணிக்கு நடுவே மாமனாரின் ஹெல்மெட்டையும் வைத்துக்கொண்டு போனாள்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை. அவள் திரும்புவது புதன்கிழமை. வெளிநாட்டில் இருந்து போன் செய்தால் எதிர்வீட்டுக்குத்தான் செய்ய வேண்டும், எதற்கு அவர்களுக்குத் தொந்தரவு, பண்ண மாட்டேன் என்று சொல்லிவிட்டே போயிருந்தாள். ஞாயிறு, திங்கள், செவ்வாய். எதிர்வீட்டுப் போன் அடித்த போதெல்லாம் நான் வாசலுக்கு வந்தேன். பார்த்தால் எனக்கு முன்னால் மாமனார் வந்து நிற்பார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காதது போல் திரும்பி உள்ளே போவோம். செவ்வாய்க்கிழமை சோறு போடும்போது அவர் மெல்லக் கேட்டார். "ஏம்மா, அஞ்சடின்னா இவ்ளோதானே?" என்று தன் கழுத்துக்கு நேராகக் கையைக் காட்டினார். ஆமாம் என்றேன். அப்புறம் அவர் சாப்பிடவில்லை.

புதன் சாயங்காலம் ஊரிகம் ஸ்டேஷனில் நாங்கள் எல்லாரும் ரயிலுக்கு அரை மணி முன்னாலேயே போய் நின்றோம். என் வீட்டுக்காரர் ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்திருந்தார். ரயில் வந்தது. மூன்றாவது பெட்டியில் இருந்து அவள் இறங்கினாள். ஒரு கையில் பெட்டி, தலையில் சுரங்க ஹெல்மெட். வலது கைச் சுண்டுவிரலில் வெள்ளைக் கட்டு. அதைத்தான் நான் முதலில் பார்த்தேன்.

"பெட்டி மூடி அண்ணி, பெட்டி மூடி!" என்று தூரத்தில் இருந்தே கத்தினாள்.

என்ன ஆயிற்று, ஜெயித்தாளா, எத்தனையாவது வந்தாள் என்று கேட்க நான் வாயைத் திறப்பதற்குள் மாமனார் முன்னால் போனார். பிளாட்பாரத்தில் இரண்டு கையையும் விரித்து அவளை மறித்துக்கொண்டு நின்றார். மூட்டை தூக்கிக்கொண்டு இறங்கியவர்கள் எல்லாம் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

"டோக்கன் குடுத்துட்டியா தாயீ?"

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். தோள்பையில் இருந்து பாலிசிப் புத்தகத்தை எடுத்து என் கையில் வைத்தாள். "குடுத்துட்டேம்ப்பா" என்றாள். அவர் கையைக் கீழே இறக்கி வழி விட்டார்.

ஒன்பது பேரில் ஆறாவது வந்தாளாம். ஒரு கம்பு விழுந்ததாம், அவள் விழவில்லையாம். அதையெல்லாம் வீட்டுக்கு நடந்து போகும்போதுதான் சொன்னாள். நான் அவர்களுக்குப் பின்னால் வந்துகொண்டே அந்தப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தேன். கடைசியில் இருந்த, அடிபட்டால் பணம் கேட்டு எழுதும் கிளெய்ம் படிவத்தில் ஒரு எழுத்துகூட இல்லை.